வேலிக்கு உள்ளே ஒரு பதிவேடு

ஆயுதங்களைக் கணக்கெடுத்து வைப்பது அரசுகளின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. புறநானூறு படித்தவர்களுக்குப் படைக்கலக் கொட்டில் புதிய இடமன்று. தன் வேல்களும் வாள்களும் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அரசு அறிந்திருக்க வேண்டும். அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் வீரன் தன் சொந்தப் பணத்தில் வாங்கித் தன் வீட்டில் வைத்திருக்கும் ஆயுதத்தைப் பற்றி அவனுடைய தளபதி கேட்கலாமா? கேட்கலாம் எனில், எந்த எல்லை வரையில்? அமெரிக்க ஐக்கிய நாடுகள் இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக் காலத்தில் தேடிக்கொண்ட விடை விசித்திரமானது. அந்த விடையைப் புரிந்துகொள்ள உகந்த இடம், அந்நாட்டுப் படைத்தளங்களுக்குள் இருக்கும் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம். சுருக்கம் கருதி இனி அதைச் சுடுதளம் என்றே குறிப்பிடுவோம்.

அமெரிக்கப் படைத்தளங்கள் பலவற்றில், பணி நேரம் முடிந்தபின் வீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும், சில இடங்களில் வெளியாரும், சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து சுட்டுப் பழகுவதற்கென்று சுடுதளங்கள் உண்டு. அங்கே துப்பாக்கியைக் கொண்டுசெல்வதற்குப் பொதுவாக முன்பதிவு வேண்டும். துப்பாக்கியை உருவாக்கிய நிறுவனம், வகை, குழல் விட்டம், உலோகத்தில் பொறிக்கப்பட்ட தொடர் எண் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். தளத்தின் வாயிலில் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டும். தோட்டா நீக்கப்பட்ட துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும். தோட்டாக்கள் தனியே இருக்க வேண்டும். வாயிலிலிருந்து சுடுதளத்திற்கு நேராகச் செல்ல வேண்டும். வழியில் கடைக்கோ நண்பர் வீட்டிற்கோ திரும்பக் கூடாது. இவ்விதிகள் தளத்திற்குத் தளம் சிறிது மாறினாலும் அடிப்படை ஒன்றே. வேலிக்குள் நுழையும் துப்பாக்கி பெயரும் எண்ணும் உடையதாக இருக்க வேண்டும்.

வேலிக்கு வெளியே இருக்கும் துப்பாக்கியின் கதை வேறு. அதைச் சொல்வதற்குமுன் இந்தச் சுடுதளங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட வரலாற்றைச் சற்றே பார்த்துவிடுவோம்.

*

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது வடக்குப் படையின் அதிகாரிகள் சிலருக்கு ஒரு கவலை மிஞ்சியிருந்தது. துப்பாக்கியைக் கையில் ஏந்திப் போருக்குப் போன நகரத்து இளைஞர்களுள் பலருக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லை என்பதே அது. வடக்குப் படையில் பணியாற்றிய வில்லியம் கோனன்ட் சர்ச், ஜார்ஜ் விங்கேட் ஆகிய இருவரும் முன்னின்று, 1871-இல் நியூயார்க் மாநிலத்தில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தை நிறுவினர். பிற்காலத்தில் துப்பாக்கி உரிமை அரசியலின் பெரும்புள்ளியாக மாறிய என்.ஆர்.ஏ. இதுதான். அதன் பிறப்பு உரிமைக் கிளர்ச்சியில் நிகழவில்லை. வீரர்களின் குறிபிசகைக் குறித்த கவலையில் நிகழ்ந்தது.

சங்கத்தின் முதல் பெரிய சுடுதளம் லாங் தீவிலுள்ள கிரீட்மூர் என்னும் இடத்தில் மாநில அரசின் உதவியுடன் அமைந்து, 1873-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அயர்லாந்து அணியை அமெரிக்க அணி அங்கே வென்றபோது துப்பாக்கி சுடுதல் ஒரு தேசிய விளையாட்டின் மதிப்பைப் பெற்றது. அம்மதிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. நிலம் மாநில அரசிடமே திரும்பியது. 1912-இல் அங்கே ஒரு மனநல மருத்துவமனையின் கிளை அமைந்தது. நியூயார்க் வாசிகளுக்குக் கிரீட்மூர் என்ற பெயர் பின்னர் அம்மருத்துவமனையையே குறித்தது. துப்பாக்கிக்கும் மனநலத்திற்கும் இடையிலான உறவே நம் கட்டுரையின் பிற்பகுதியில் மையமாகப் போகிறது என்பதால் இதை இங்கே குறித்து வைக்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைய அரசே இவ்வேலையைக் கையில் எடுத்தது. தியடோர் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகவும் எலிஹூ ரூட் போர்த்துறைச் செயலராகவும் இருந்த 1903-ஆம் ஆண்டில், துப்பாக்கிப் பயிற்சியை ஊக்குவிப்பதற்கான தேசிய வாரியம் அமைக்கப்பட்டது. படையில் உபரியாக இருந்த துப்பாக்கிகளைக் குடிமக்களின் துப்பாக்கிக் கழகங்களுக்கு விற்க 1905-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. 1907 முதல் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள கேம்ப் பெர்ரி தேசியப் போட்டிகளின் களமாயிற்று. அது அம்மாநிலத் தேசியக் காவற்படையின் தளம். வீரனும் விவசாயியும் எழுத்தரும் ஒரே வரிசையில் படுத்து ஒரே இலக்கைச் சுட்ட இடம் என்று அதைச் சொல்லலாம்.

ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டிருந்த 1916-இல் இயற்றப்பட்ட தேசத் தற்காப்புச் சட்டம் இதற்கு முழு உருவம் கொடுத்தது. அரசு அமைக்கும் சுடுதளங்கள் படையினருக்கு மட்டுமன்றி, ஆயுதம் ஏந்தத் தகுதியுள்ள, உடல் வலிமை உடைய ஆண்கள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அத்துடன் ஒரு சிறிய நிபந்தனையையும் சேர்த்தது. தளத்தை நிர்வகிப்பவர்கள் வகுத்துப் போர்த்துறைச் செயலர் ஏற்கும் நியாயமான விதிகளுக்கு உட்பட்டே இப்பயன்பாடு அமைய வேண்டும்.

நம் பார்வையில், படைத்தளச் சுடுதளங்களில் பிற்காலத்தில் எழுந்த பதிவு விதிகளின் விதை இந்த நிபந்தனையிலேயே இருக்கிறது. விருந்தினரை வரவேற்கும் வீட்டுக்காரர் செருப்பை வாயிலில் விட்டுவரச் சொல்வது போன்றது அது. வருபவரை அது ஐயுறவில்லை. வீட்டின் ஒழுங்கை மட்டும் காத்துக்கொண்டது. விதி மனிதனைப் பற்றியதாக இல்லாமல் இடத்தைப் பற்றியதாகப் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

*

அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் நாட்டின் மனநிலை மாறியது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல் வன்முறைகளுக்குப் பின்னர் வந்த 1934-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரத் துப்பாக்கி, ஒலி அடக்கி முதலியவற்றை மைய அரசிடம் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தியது. சாதாரணத் துப்பாக்கிகளும் கைத்துப்பாக்கிகளும் அதற்குள் வரவில்லை. ஜான் கென்னடி 1963-இல் கொல்லப்பட்டது அஞ்சலில் தருவிக்கப்பட்ட துப்பாக்கியால். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் 1968-இல் கொல்லப்பட்டனர். அவ்வாண்டே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; கேம்ப் பெர்ரிப் போட்டிகளுக்குப் படைத்துறை அளித்துவந்த ஆதரவும் அதே ஆண்டு விலக்கிக்கொள்ளப்பட்டது.

அரசின் உபரித் துப்பாக்கியை வாங்க வேண்டுமாயின் என்.ஆர்.ஏ. உறுப்பினராக இருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை அதுவரை நடைமுறையில் இருந்தது. ஒரு தனிச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலே அரசின் தகுதிப் பட்டியலாகவும் பயன்பட்டது என்று பொருள். 1979-இல் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் இந்நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1996-இல் இத்திட்டமே படைத்துறையின் கையிலிருந்து விடுபட்டு, சட்டத்தால் உருவாக்கப்பட்ட ஒரு தனி நிறுவனத்திடம் சென்றது.

இடையில் 1986-இல் ரொனால்ட் ரீகன் கையொப்பமிட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், நாடு தழுவிய துப்பாக்கிப் பதிவேடு ஒன்றை மைய அரசு உருவாக்குவதைத் தடைசெய்தது. பதிவேடு இன்று கணக்கு. நாளை பறிமுதலுக்கான முகவரிப் பட்டியல். இந்த அச்சம் அமெரிக்க அரசியலில் ஆழமாக வேரூன்றியது. அதை வெறும் பித்து என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. குடிகளின் ஆயுதங்களைக் கணக்கெடுத்த அரசுகள் எல்லாம் நல்ல நோக்கத்தோடுதான் எடுத்தன என்று வரலாறு அறிந்த எவரும் சொல்ல மாட்டார்.

1996-இல் இன்னொரு சட்டத் திருத்தமும் வந்தது. குடும்ப வன்முறைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர், அது சிறு குற்றமாகவே இருந்தாலும், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது அது. படைவீரர்களுக்கும் காவலர்களுக்கும் இதில் விலக்கு அளிக்கப்படவில்லை. அத்தகைய தண்டனை உண்டா இல்லையா என்று வீரர் உறுதிமொழி அளிக்கும் படிவத்திற்கு டி.டி. 2760 என்று எண். பல தளங்களில் சொந்தத் துப்பாக்கியைப் பதிவுசெய்யும்போது இதையும் நிரப்பித் தர வேண்டும். துப்பாக்கியின் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த விதி, அதை ஏந்துபவரின் வீட்டுக்குள் நடந்ததையும் இந்த ஒரு படிவத்தின் வழியே கேட்கத் தொடங்கியது. ஆயினும் அக்கேள்வி எழுந்ததும் துப்பாக்கி வேலியைத் தாண்டி உள்ளே வந்தபோதுதான்.

*

வேலிக்குள் படை தன் ஆயுதங்களை எவ்வளவு கவனமாக எண்ணுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தரைப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆயுத அறை உண்டு. அதிலுள்ள துப்பாக்கிகளைத் தொடர் எண் பார்த்து மாதந்தோறும் சரிபார்க்க வேண்டும். பயிற்சியின்போது ஒரு துப்பாக்கி காணாமற்போனால் அது கிடைக்கும்வரை எவரும் வீடு திரும்ப முடியாது. தளத்திலுள்ள பாசறையில் தங்கும் இளம் வீரரின் சொந்தத் துப்பாக்கியும் அந்த ஆயுத அறையிலேயே பூட்டி வைக்கப்படும். வார இறுதியில் சுடுதளத்திற்குப் போக விரும்பினால் அனுமதி பெற்று எடுத்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் வீரர்களுள் பெரும்பாலோர் தளத்திற்கு வெளியே, பக்கத்து ஊர்களில் வாடகை வீடுகளிலோ சொந்த வீடுகளிலோ வாழ்கின்றனர். அவர்களுடைய மேசை இழுப்பறையில் இருக்கும் கைத்துப்பாக்கி எந்த ஏட்டிலும் இல்லை.

டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஹூட் படைத்தளத்தில் 2009 நவம்பர் 5 அன்று நிகழ்ந்தது இந்த இடைவெளியை உலகிற்குக் காட்டியது. படையின் மனநல மருத்துவராகிய மேஜர் நிடால் ஹசன் சக வீரர்கள்மீது சுட்டதில் 13 பேர் மாண்டனர். 30-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர் அருகிலுள்ள கில்லீன் நகரில் குடியிருந்தார். அவ்வூர்க் கடையொன்றில் சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். தளத்திற்குள் குடியிருப்போரும் துப்பாக்கியைத் தளத்திற்குள் கொண்டுவருவோரும் பதிவுசெய்ய வேண்டும் என்பது ஃபோர்ட் ஹூட்டின் விதி. வெளியே வாழ்பவர் துப்பாக்கியை வெளியிலேயே வைத்திருக்கும்வரை அவ்விதி அவரைத் தொடுவதில்லை. அவர் அதை உள்ளே கொண்டுவந்த நாளோ, பதிவுப் படிவம் நிரப்பும் நாளாக இருக்கவில்லை.

நிகழ்வை ஆராய்ந்த பாதுகாப்புத் துறையின் தற்சார்புக் குழு 2010 ஜனவரியில் அறிக்கை தந்தது. சொந்தத் துப்பாக்கிகளைப் பற்றித் துறைக்கு ஒட்டுமொத்தமான கொள்கை ஏதும் இல்லை என்பது அக்குழு கண்டவற்றுள் ஒன்று. ஒவ்வொரு தளமும் தனக்கென்று விதி வகுத்துக்கொண்டிருந்தது. பொதுக்கொள்கை ஒன்று வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

வந்தது அதற்கு நேர்மாறான ஒன்று. தளத்திற்கு வெளியே வாழும் வீரர்களின் துப்பாக்கிகளையும் சில தளபதிகள் பதிவுசெய்யச் சொல்வதாகச் செய்தி பரவியதும் எதிர்ப்புக் கிளம்பியது. ஓக்லஹோமாவின் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் முன்வைத்த யோசனை, 2011-ஆம் நிதியாண்டின் பாதுகாப்புத் துறைச் சட்டத்தில் 1062-ஆம் பிரிவாகச் சேர்ந்தது. 2011 ஜனவரி 7 அன்று பராக் ஒபாமா அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். படைத்துறைக்குச் சொந்தமில்லாத இடத்தில் வீரரோ துறையின் பணியாளரோ சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றி, பாதுகாப்புச் செயலர் எந்த நிபந்தனையும் விதிக்கக் கூடாது. எந்தத் தகவலையும் திரட்டவோ பதியவோ கூடாது என்றது அப்பிரிவு. அதற்குமுன் திரட்டிய பதிவுகள் இருப்பின் 90 நாள்களுக்குள் அவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் ஆணையிட்டது.

1916-இல் நிலத்தின் ஒழுங்காகப் பிறந்த விதி, 2011-இல் நிலத்தின் எல்லையோடு சட்டப்படி கட்டப்பட்டது. பதிவேடு துப்பாக்கியைத் தொடராது, வீரரையும் தொடராது. மண்ணை மட்டுமே தொடரும்.

*

இச்சட்டத்தின் விளைவைப் பொதுவாகப் பெருந்துப்பாக்கிச்சூடுகளை வைத்தே விவாதிக்கின்றனர். 2014 ஏப்ரல் 2 அன்று அதே ஃபோர்ட் ஹூட்டில் இவான் லோபஸ் என்ற வீரர் மூவரைச் சுட்டுக்கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவரும் வெளியில் குடியிருந்தவர். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று வந்தவர். ஹசன் வாங்கிய அதே கடையில் துப்பாக்கி வாங்கியவர். அதுவும் தளத்தில் பதிவாகவில்லை. பதிவு விதி இருந்திருந்தால் இவ்விரு நிகழ்வுகளும் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்வோர் உளர். நமக்கு அவ்வளவு உறுதியில்லை. கொல்லத் துணிந்தவன் படிவத்தை நிரப்பிவிட்டு வருவதில்லை. நிரப்பினாலும் தாளில் எழுதிய எண் தோட்டாவை நிறுத்துவதில்லை. சட்டத்தின் ஆதரவாளர்கள் இதைச் சொன்னபோது அவர்கள் சொன்னது சரியே.

ஆனால் உண்மையான இழப்பு செய்தித்தாளின் முதற்பக்கத்தில் இல்லை. அது தனி அறைகளில், ஒருவர் ஒருவராக நிகழ்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் முழுநேரப் பணியிலிருந்த 363 பேர் தற்கொலை செய்துகொண்டனர். படையினரின் இத்தகைய மரணங்களில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித் துப்பாக்கியால் நிகழ்பவை. அத்துப்பாக்கிகளோ பெரும்பாலும் படையினுடையவை அல்ல. மாதந்தோறும் எண்ணிச் சரிபார்க்கப்படும் ஆயுத அறைத் துப்பாக்கிக்கு இந்த மரணங்களில் பங்கு மிகக் குறைவு. வீட்டு இழுப்பறையில் இருக்கும் சொந்தத் துப்பாக்கியே காரணம்.

தரைப்படையின் துணைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பீட்டர் கியரெல்லி, படையில் பெருகிவந்த தற்கொலைகளைக் குறைப்பதையே தம் கடைசிக்காலப் பணியாக வரித்துக்கொண்டவர். மனமுடைந்து நிற்கும் வீரரிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று அவருடைய தளபதி பேசுவதற்கே இச்சட்டம் தடையாக நிற்கிறது என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். நாம் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். போர்க்களத்தில் ஒருவரைச் சாவுக்கு நேரே நடக்கச் சொல்லும் அதிகாரம் தளபதிக்கு உண்டு. அவர் சாகாமல் இருக்க ஒரு கேள்வி கேட்கும் உரிமை ஐயத்திற்கு உள்ளாயிற்று.

2013 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. தற்கொலைக்கோ பிறருக்குத் தீங்கிழைப்பதற்கோ வாய்ப்புண்டு என்று நம்பத் தகுந்த காரணம் இருப்பின், கட்டளை அதிகாரியோ மருத்துவத் துறையினரோ சொந்தத் துப்பாக்கியைப் பற்றி வினவலாம் என்றது திருத்தம். கேள்வி மீண்டது. ஆனால் அது நோய் முற்றியபின் கேட்கும் கேள்வி. காரணம் தெரிந்த பிறகே கேட்கலாம். தெரிவதற்கு முன் வழக்கமாகக் கேட்கும் நூறு கேள்விகளுள் ஒன்றாக அதைக் கேட்க இயலாது.

கேள்வியும் தூரமும் உயிரைக் காக்கும் என்பதற்கு வேறொரு நாட்டின் சான்று உண்டு. இஸ்ரேலில் வீரர்கள் வார இறுதி விடுப்பில் படைத்துப்பாக்கியுடன் வீடு செல்வது வழக்கமாக இருந்தது. 2006-இல் அதைத் தளத்திலேயே விட்டுச்செல்லும்படி விதி மாற்றப்பட்டது. பின்னர் செய்த ஆய்வில் இளம் வீரர்களின் தற்கொலை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. குறைந்தது முக்கியமாக வார இறுதிகளில். துப்பாக்கி இல்லாதவர் வேறு வழி தேடிக்கொள்வார் என்ற பழைய நம்பிக்கையை அந்த எண் மறுக்கிறது. தற்கொலை எண்ணம் பலருக்கு ஒரு கடும் இரவைப் போன்றது. அந்த இரவில் ஆயுதம் எட்டாத தூரத்தில் இருந்தால் விடியல் வந்துவிடுகிறது. இஸ்ரேலில் விலக்கி வைத்தது படையின் துப்பாக்கி. அமெரிக்காவில் விலக்க வேண்டியது சொந்தத் துப்பாக்கி. எனவே அந்த விதியை அப்படியே எடுத்துவர முடியாது. தூரத்தைப் பற்றிய பாடம் மட்டும் இரு நாட்டுக்கும் ஒன்றுதான்.

2023-இல் பாதுகாப்புத் துறை அமைத்த தற்கொலைத் தடுப்பு ஆய்வுக் குழு, படைத்தளக் கடைகளில் துப்பாக்கி வாங்குவோர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், குறைந்த வயதை 25 ஆக உயர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கும் வேலியின் தருக்கமே நிற்கிறது. இப்பரிந்துரைகள் எட்டியது தளத்துக் கடையை மட்டுமே. வாயிலுக்கு எதிரே சாலையைக் கடந்தால் இன்னொரு கடை.

*

எதிர்த்திசையிலும் விதிகள் நகர்ந்தன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2015-இல் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவில் கடற்படைப் பிரிவுகளின் அலுவலகம் தாக்கப்பட்டு ஐவர் மாண்டனர். வீரர்களே ஆயுதமின்றி மாட்டிக்கொண்டனர் என்ற ஆற்றாமை எழுந்தது. 2016 நவம்பரில் வெளியான ஆணை, தற்காப்புக்காகச் சொந்தத் துப்பாக்கியைத் தளத்திற்குள் ஏந்திச்செல்ல அனுமதிக்கும் அதிகாரத்தைத் தளபதிகளுக்கு அளித்தது. 2019 டிசம்பரில் ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்படை விமானத் தளத்தில் அயல்நாட்டுப் பயிற்சி வீரர் ஒருவர் மூவரைக் கொன்றார். அதன் பின்னர் அயல்நாட்டுப் பயிற்சியாளர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு விதியும் அதற்கு முந்தைய குருதிக்கு விடையாக எழுதப்பட்டது. தொகுத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று இசையாத ஒட்டுத்துணி போலக் காட்சியளிக்கின்றன.

இவற்றுக்கிடையில் சுடுதளத்துப் பதிவு மட்டும் பெரிய சச்சரவின்றி நிலைத்து வந்திருப்பது ஏன்? அங்கே வருபவர் தாமாக வருகிறார். துப்பாக்கியைத் தாமே எடுத்துக் காட்டுகிறார். எதிரே நிற்கும் பாதுகாப்பு அலுவலரும் அதே கலையில் பழகியவர். தோட்டா நீங்கியிருக்கிறதா என்று பார்த்துத் திருப்பித் தருகிறார். பறிமுதல் அச்சம் அந்த மேசையருகில் எழுவதில்லை. எண்ணைக் கேட்பவர்மேல் நம்பிக்கை இருந்தால் எண்ணைச் சொல்வதில் எவருக்கும் தயக்கமில்லை என்பதையே அது காட்டுகிறது.

நம் கருத்தும் அங்கிருந்தே பிறக்கிறது. வேலிக்கு வெளியே கட்டாயப் பதிவேடு ஒன்றை நீட்டுவது அந்நாட்டு அரசியலில் எளிதில் நடக்காது. நடந்தாலும் பயந்தவர் மறைப்பார், மறைத்தவரே ஆபத்தில் இருப்பார். ஆனால் சுடுதளத்தின் பழக்கத்தை வெளியே கொண்டுசெல்லலாம். வீட்டில் ஒரு கடினமான காலம் வரும்போது, துப்பாக்கியைத் தாமாகவே கொண்டுவந்து சில வாரங்கள் ஆயுத அறையில் ஒப்படைத்து, கேள்வியோ களங்கமோ இன்றித் திரும்பப் பெறும் வழியை எல்லா வீரர்களுக்கும் இயல்பாக்கலாம். அதற்குப் பறிமுதல் வேண்டியதில்லை. நாடு தழுவிய ஏடும் வேண்டியதில்லை. ஆயுத அறை இருக்கிறது, பூட்டு இருக்கிறது, எண்ணிச் சரிபார்க்கும் பழக்கமும் இருக்கிறது.

1871-இல் சர்ச்சும் விங்கேட்டும் கவலைப்பட்டது வீரனின் தோட்டா இலக்கைத் தவறவிடுகிறதே என்று. இன்றைய கவலை, இலக்காக அவனே நிற்கும் இரவைப் பற்றியது. முதற்கவலைக்கு ஓர் அரசு நிலம் தந்தது, நிதி தந்தது, சட்டம் இயற்றியது. இரண்டாவதற்கு அதே அளவு அக்கறை காட்டப்படுமாயின், சுடுதளத்து வாயிலில் நிரப்பும் அந்தச் சிறு படிவம் உயிரையும் காக்கும் ஒரு வழக்கத்தின் தொடக்கமாக இருக்கக்கூடும்.